ஃபில்டருக்கு முன்னாலேயே தேய்ந்துவிடும் இன்ஜின்

“எந்தக் கம்பெனி ஆயில் ஃபில்டர் போட்டா இன்ஜின் தேயாதுங்ணா?”

திருச்செங்கோட்டில் டீசல் இன்ஜின் வேலை பார்க்கிறவன் இந்தக் கேள்விக்குத் தப்பவே முடியாது. எங்கள் ஊர் போர்வெல் வண்டிகளின் ஊர். இங்கிருந்து கிளம்பும் ரிக்குகள் கர்நாடகம், ஆந்திரம், மத்தியப் பிரதேசம் என்று சுற்றிவிட்டு, வேலை ஓய்கிற மாதங்களில் பட்டறைக்கு வரும். கம்ப்ரசரை ஓட்டும் டீசல் இன்ஜினுக்கு வாய்த்திருக்கும் இடத்தை யோசித்துப் பாருங்கள். பக்கத்திலேயே கருங்கல்லைப் பொடியாக்கி மேலே துப்பிக்கொண்டிருக்கிறது ஹேமர். தண்ணீர் தட்டும்வரை குழியிலிருந்து வெள்ளைப் புழுதி நிற்காது. அந்தப் புழுதியில் குவார்ட்ஸ் உண்டு. மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் கடினம் 7. கத்தி எஃகையே கீறும் பொருள் அது. லைனரின் வார்ப்பிரும்பு எம்மாத்திரம்?

ஓனர்கள் கேட்கிற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். நல்ல ஆயில் ஃபில்டர் பேரிங்கை நன்றாகக் காப்பாற்றும். ரிங்கையும் லைனரையும் அரைகுறையாகக் காப்பாற்றும். டீசல் கரியை அது ஒன்றும் செய்யாது. ஆனால் கேட்கிறவர் மனதில் இருப்பது பெரும்பாலும் லைனர்தான். ஆயில் குடிக்கிறது, பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது, இழுவை இல்லை என்று வருகிற வண்டிகளைப் பிரித்தால் போயிருப்பது ரிங்கும் லைனரும். தூசியால் போனதென்றால், அந்தத் தூசி ஆயில் ஃபில்டர் வரைக்கும் போய்ச் சேர்வதற்கு முன்பே தேய்மானம் நடந்து முடிந்திருக்கும்.

தூசி போகிற வழியைத் தொடர்ந்து போனால் இது புரியும். ஏர் கிளீனரைத் தப்பித்த தூசி டர்போ வழியாக, வால்வு வழியாக, நேரே சிலிண்டருக்குள் விழுகிறது. அங்கே லைனர் சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஆயில் படலத்தில் மாட்டிக்கொள்கிறது. மேல் ரிங் அதை வைத்துக்கொண்டு மேலும் கீழும் அரைக்கிறது. அரைத்து முடித்த பிறகுதான் ரிங் அதை வழித்து ஆயிலோடு சம்புக்குத் தள்ளுகிறது. சம்பிலிருந்து வலை, வலையிலிருந்து பம்ப், பம்பிலிருந்து கூலர் வழியாக ஃபில்டர். ஃபில்டர் அதைப் பிடித்ததா என்றால் பிடித்தது. ஆனால் திருடன் ஒரு வீட்டைக் காலி செய்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும் வழியில் பிடிபட்ட கதைதான். அடுத்த வீடு பேரிங். அது தப்பியது.

ஒரு கம்ப்ரசர் இன்ஜின் இதை எனக்கு அப்பட்டமாகக் காட்டியது. ஓனர் ஃபில்டர் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதவர். 250 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடுவார், அதுவும் விலை கூடிய ஃபில்டர். அப்படியும் ரிங், லைனர் மாற்றி ஹாஃப் இன்ஜின் வேலை முடிந்து ஒரு சீசன்கூடத் தாண்டவில்லை, பிரீத்தரில் புகை கட்டியது. “ஃபில்டர் டூப்ளிகேட்டா இருக்குமோ?” என்பது அவர் சந்தேகம்.

ஹெட்டைக் கழற்றியதும் லைனரின் மேல்பகுதியைத் தடவிப் பார்த்தேன். ரிங் திரும்பும் இடத்தில் நகத்துக்குத் தட்டுப்படும்படி ஸ்டெப் விழுந்திருந்தது. ஹோனிங் கோடுகள் கீழே அப்படியே இருந்தன, மேலே துடைத்தெடுத்தாற்போல் இல்லை. மேல் ரிங்கை லைனருக்குள் போட்டு ஃபீலர் கேஜ் விட்டால் கேப் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. ரிங்கின் முகத்தில் பளபளப்பு இல்லை, சாம்பல் பூத்துக் கிடந்தது. இரண்டாவது ரிங் அவ்வளவு மோசமில்லை. ஆயில் ரிங் கிட்டத்தட்ட புதிது மாதிரி. பிக் எண்ட் பேரிங்கைக் கழற்றினால் கீறல் இல்லை.

ரிங்கைப் படிக்கத் தெரிந்தால் தூசி வந்த வழி அதிலேயே எழுதியிருக்கும். மேல் ரிங் அதிகமாகவும் கீழே போகப் போகக் குறைவாகவும் தேய்ந்திருந்தால் தூசி காற்றோடு மேலிருந்து வந்தது. ஆயில் ரிங் அதிகம் தேய்ந்து, பேரிங்கிலும் கோடு விழுந்திருந்தால் அழுக்கு ஆயிலோடு கீழிருந்து வந்தது. இரண்டாவது ரகத்தில்தான் ஆயில் ஃபில்டரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம். இன்ஜினைப் பிரித்ததும் ரிங்கைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுக் கிட்டுக்கு ஆர்டர் போடும் பட்டறைகள் உண்டு. எந்தச் சிலிண்டர், எத்தனையாவது ரிங் என்று வரிசையாக ஒரு அட்டையில் கட்டி வைக்கச் சொல்லுங்கள். மறு வேலை வராமலிருக்க அந்த அட்டைதான் துப்பு.

இந்த வண்டியில் துப்பு மேலே போகச் சொன்னது. ஏர் கிளீனருக்கும் டர்போவுக்கும் நடுவே ஒரு ரப்பர் ஓஸ். வெளியிலிருந்து பார்த்தால் குறையே தெரியவில்லை. கிளிப்பைக் கழற்றி ஓஸை வளைத்ததும், கிளிப் அழுந்திய பள்ளத்தில் பாதிச் சுற்றுக்கு வெடிப்பு வாயைத் திறந்தது. உள்ளே விரலை விட்டால் மாவு மாதிரி வெள்ளைப் புழுதி. டர்போவின் காற்றுப் பக்க வீலைப் பார்த்தேன். இதழ்களின் நுனி மழுங்கி, ஓரம் அரித்துப் போயிருந்தது. ஓனர் வாங்கிப் போட்ட ஆயில் ஃபில்டர்மேல் ஒரு குற்றமும் இல்லை. பேரிங் அவ்வளவு சுத்தமாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

அன்றிலிருந்து யார் ஆயில் ஃபில்டரைப் பற்றிப் பேச வந்தாலும் முதலில் அந்த ஓஸைக் கழற்றச் சொல்கிறேன். சோதனை சுலபம். ஏர் கிளீனரைத் தாண்டி, டர்போவுக்கு முன்னால் இருக்கும் பைப்புக்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடையுங்கள். அந்த இடம் சுத்தமாக இருக்க வேண்டும். துணியில் புழுதி ஒட்டினால் எங்கோ ஓட்டை. கிளிப்பா, ஓஸா, ஏர் ஃபில்டரின் ரப்பர் உதடா, ஏர் கிளீனர் டப்பாவின் நசுங்கிய விளிம்பா என்று தேடிவிட்டுத்தான் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்கிற விதத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ரிக் சைட்டில் காற்றுக்குப் பஞ்சமில்லை. கம்ப்ரசரில் 300 பி.எஸ்.ஐ. காற்று கையருகே நிற்கிறது. பையன் அந்தக் காற்று ஓஸைத் திருப்பி ஏர் ஃபில்டர்மேல் அடிப்பான். புழுதி பறப்பதைப் பார்க்க அவனுக்கு ஆனந்தம். காகிதம் கிழிவது அவன் கண்ணுக்குத் தெரியாது. ஊதித்தான் ஆக வேண்டுமென்றால் 30 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்து, உள்ளிருந்து வெளியே, கொஞ்சம் தள்ளி வைத்து ஊத வேண்டும். தரையில் தட்டக் கூடாது, ஓரம் நெளிந்துவிடும். ஊதிய பிறகு இருட்டில் உள்ளே ஒரு பல்பை விட்டுச் சுற்றிப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் தூக்கி எறிய வேண்டியதுதான். இரட்டை ஃபில்டர் இருக்கும் வண்டிகளில் உள்ளே இருக்கும் சின்னதை ஊதவே கூடாது, மாற்ற மட்டும்தான். ரெஸ்ட்ரிக்‌ஷன் இண்டிகேட்டர் வேலை செய்தால் அது சிவப்பு காட்டும்வரை ஏர் ஃபில்டரை அடிக்கடி திறக்காமலிருப்பதே நல்லது. திறக்கிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் புழுதி சுத்தமான பக்கத்தில் விழ வாய்ப்புண்டு.

இப்போது ஆயில் ஃபில்டருக்கே வருவோம். அது தேய்மானத்தைக் குறைக்கிறதா என்றால் சந்தேகமில்லாமல் குறைக்கிறது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஸ்டேலி 1988-இல் வாகனப் பொறியாளர்களின் எஸ்.ஏ.இ. அமைப்பில் சமர்ப்பித்த ஆய்வுக்கட்டுரையை ஃபில்டர் விற்பவர்கள் இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். 40 மைக்ரான் ஃபில்டரோடு ஒப்பிட்டால் 30 மைக்ரான் ஃபில்டரில் தேய்மானம் 50 சதவீதம் குறைந்தது. 15 மைக்ரானில் 70 சதவீதம் குறைந்தது. கனரக டீசல் இன்ஜின், பெட்ரோல் கார் இன்ஜின் இரண்டிலும் பார்த்திருக்கிறார்கள்.

இந்த எண்ணைப் பார்த்ததும், நுணுக்கமான ஃபில்டர் போட்டால் இன்ஜின் மூன்று மடங்கு உழைக்கும் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. அந்தச் சோதனையில் தேய்மானத்தைச் சீக்கிரம் வரவழைக்க, சோதனைத் தூசியைக் குழைத்து ஆயிலில் வேண்டுமென்றே சேர்த்தார்கள். நம் இன்ஜினில் யாரும் ஆயிலில் மண்ணைக் கரைத்து ஊற்றுவதில்லை. நம் தூசி காற்றில் வருகிறது. ஆயிலில் ஏற்கெனவே வந்துவிட்ட தூசியை எவ்வளவு சீக்கிரம் வெளியே எடுத்தால் எவ்வளவு லாபம் என்பதை அந்த ஆய்வு நன்றாகவே சொல்கிறது. தூசி வராமல் தடுப்பதைப் பற்றி அது பேசவில்லை, பேசவும் வரவில்லை.

எந்த அளவுத் துகள் ஆபத்து? கண்ணுக்குத் தெரிகிற மிகச் சிறிய புள்ளி சுமார் 40 மைக்ரான். அதைவிடச் சின்னதுதான் வில்லன். ஓடும்போது பேரிங்கில் ஆயில் படலத்தின் தடிமன் இடத்தையும் சுமையையும் பொறுத்துச் சில மைக்ரான்தான் இருக்கும். படலத்தைவிடச் சின்னத் துகள் மிதந்து போய்விடும். மிகப் பெரியது இடுக்குக்குள்ளேயே நுழையாது. படலத்தின் அளவோ அதற்குச் சற்று மேலோ இருப்பதுதான் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் தொட்டுக் கீறும். பேரிங்கின் மேல் பூச்சை மெத்தென்ற உலோகத்தில் செய்வது இதற்காகவும்தான்: சில துகள்களை அது தனக்குள் புதைத்துக்கொண்டு கிராங்கைக் காப்பாற்றும். பழைய பேரிங்கை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் புதைந்த மணிகள் மினுக்குவது தெரியும். பம்ப் பல்லுக்கு அந்தப் பாக்கியமும் கிடையாது, ஃபில்டரும் கிடையாது. அது ஃபில்டருக்கு முன்னால் இருப்பதால் சம்பில் உள்ளதை அப்படியே குடிக்கிறது.

பெட்டியில் “10 மைக்ரான்” என்று போட்டிருந்தால் அதற்கு மட்டும் ஒரு மதிப்பும் இல்லை. பத்து மைக்ரானில் பாதியைப் பிடித்தாலும் அப்படி அச்சடிக்கலாம், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைப் பிடித்தாலும் அச்சடிக்கலாம். ஐ.எஸ்.ஓ. 4548-12 என்ற சோதனையில் வந்த எண்ணைக் கேளுங்கள். பீட்டா 75 என்றால் அந்த அளவுத் துகள் 75 உள்ளே போனால் 1 தப்பி வெளியே வருகிறது, அதாவது 98.7 சதவீதம். பீட்டா 2 என்றால் பாதி தப்புகிறது. விற்பனைப் பிரதிநிதியிடம் “எத்தனை மைக்ரானில் எத்தனை சதவீதம்?” என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டால் போதும். பதில் தெரிந்தவர் நல்ல கம்பெனிக்காரர்.

ஆனால் சதவீதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஃபில்டரோடு சேர்ந்த இரண்டு சின்னச் சாமான்கள்.

ஒன்று பைபாஸ் வால்வு. ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ, ஃபில்டரின் இரு பக்க அழுத்த வித்தியாசம் சுமார் ஒரு பார் அளவை எட்டும்போது இந்த வால்வு திறந்து, ஆயிலை வடிகட்டாமலேயே இன்ஜினுக்கு அனுப்பும். ஆயிலே இல்லாமல் ஓடுவதற்கு அழுக்கு ஆயில் மேல் என்பது வடிவமைத்தவர்களின் முடிவு, சரியான முடிவும்கூட. டிரைவருக்குத்தான் எதுவும் தெரியாது. பிரஷர் கேஜ் சரியாகவே காட்டும். ஃபில்டர் மாற்றாமல் மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு “ஒண்ணும் ஆகலியே, பிரஷர் கரெக்டா நிக்குதே” என்பார். நிற்கும்தான். அந்த ஃபில்டர் எப்போதோ வேலையை விட்டு நின்றிருக்கும்.

இந்த வால்வு சில இன்ஜின்களில் ஃபில்டருக்குள்ளேயே இருக்கும், சிலவற்றில் பிளாக்கிலோ ஃபில்டர் ஹெட்டிலோ இருக்கும். இரண்டு ரக ஃபில்டர்களுக்கும் மரை ஒன்றாக இருக்கலாம், கேஸ்கெட் அளவும் ஒன்றாக இருக்கலாம், கையால் சுற்றினால் அழகாக ஏறியும்விடும். உள்ளே பைபாஸ் இல்லாத ஃபில்டரை, பைபாஸ் இல்லாத பிளாக்கில் மாட்டினால் அடைத்துக்கொள்ளும் நாளில் காகிதம் கிழிந்து அதுவரை பிடித்த அழுக்கெல்லாம் ஆயில் கேலரிக்குள் போகும். அவசரத்துக்கு ரோட்டோரக் கடையில் “இதுவும் செட் ஆகும்” என்று கொடுப்பதை வாங்காதீர்கள். பார்ட் நம்பரைப் பாருங்கள்.

இரண்டாவது, ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வாஷர். படுத்த வாக்கில் மாட்டும் ஃபில்டர்களில் இது உயிர். நைட்ரைல் ரப்பர் சூட்டில் நாளடைவில் கட்டை தட்டும், சிலிக்கோன் மெத்தென்று நிலைக்கும். வாஷர் போனால் ராத்திரி நிற்கும்போது ஃபில்டர் காலியாகிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் கடகடவென்று சத்தம், பிரஷர் விளக்கு அணையத் தாமதம். தினமும் காலையில் அந்தச் சில நொடிகள் பேரிங் பழைய ஈரத்தில்தான் ஓடுகிறது. இந்தச் சத்தம் ஃபில்டர் மாற்றியதும் வந்ததென்றால் வால்வு செட்டிங்கில் கை வைக்காமல் முதலில் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள்.

பழைய ஃபில்டரை அறுத்துப் பார்க்கும் பழக்கம் பட்டறைகளில் குறைவு. நான் விடுவதில்லை. ஆக்சா பிளேடு ஆகாது. அறுக்கிற தூளே உள்ளே விழுந்து, இன்ஜினிலிருந்து வந்ததா பிளேடிலிருந்து வந்ததா என்று குழப்பும். டப்பாவைச் சுற்றி வெட்டும் ஃபில்டர் கட்டர் கிடைக்கிறது. காகிதத்தை மட்டும் கத்தியால் அறுத்தெடுத்து, மடிப்போடு வைஸில் வைத்து இறுக்கி ஆயிலைப் பிழிந்துவிட்டு, வெயிலில் அகலமாக விரித்துப் பார்க்க வேண்டும். வெறும் கறுப்பு வண்டல் என்றால் கரி, பயமில்லை. காந்தத்தில் ஒட்டும் மினுக்கு இரும்பு: ரிங், லைனர், கேம், கிராங்க் எதுவாகவும் இருக்கலாம். ஒட்டாத வெள்ளி மினுக்கு அலுமினியம் அல்லது பேரிங் பூச்சு. செம்பு நிறத் தகடு தெரிந்தால் அன்றே சம்பை இறக்கிப் பேரிங்கைப் பார்த்துவிடுவது நல்லது. புது இன்ஜினிலோ, வேலை முடிந்த இன்ஜினிலோ முதல் ஃபில்டரில் கொஞ்சம் மினுக்கு இருப்பது சகஜம். இரண்டாவதில் குறைய வேண்டும். குறையாவிட்டால்தான் கவலை.

டூப்ளிகேட்டும் அறுத்தால்தான் மாட்டும். வெளியே ஹோலோகிராம் எல்லாம் பிரமாதமாக இருக்கும். உள்ளே மடிப்புகள் எண்ணிக்கையில் குறைவாக, இடைவெளி விட்டு நிற்கும். காகிதம் சேரும் தையலில் பசை விட்டுப்போயிருக்கும். அந்த இடைவெளி வழியே ஆயில் வடிபடாமல் போகும். நல்ல காகிதம் ரெசின் ஏற்றிப் பதப்படுத்தியது, சூடான ஆயிலில் ஊறியும் விறைப்பாக நிற்கும். மோசமானது ஈரக் காகிதம் மாதிரி கையில் வரும். பைபாஸ் இடத்தில் ஸ்பிரிங் பெயருக்கு இருக்கும், விரலால் தொட்டாலே திறக்கும். டூப்ளிகேட் செய்கிறவர்கள் பெட்டி அச்சடிப்பதோடு, பழைய ஒரிஜினல் பெட்டியையும் சேகரிப்பார்கள். அதனால் மாற்றியதும் பெட்டியைக் கிழித்துப் போடுங்கள்.

வாங்கிய ஃபில்டரை மாட்டுவதில் பெரிய வித்தை இல்லை. பழைய கேஸ்கெட் ஹெட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். அதன்மேல் புதியது ஏறினால் ரோட்டில் மொத்த ஆயிலும் கொட்டிவிடும். புதுக் கேஸ்கெட்டில் ஆயில் தடவி, அது ஹெட்டைத் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று. ஸ்பேனர் கழற்றுவதற்குத்தான். நின்ற வாக்கில் மாட்டும் ஃபில்டரில் முன்கூட்டி ஆயில் ஊற்றினால், நடு ஓட்டையில் ஊற்றாமல் சுற்றியிருக்கும் சின்ன ஓட்டைகளில் ஊற்றுங்கள். நடு ஓட்டை வடிகட்டிய பக்கம். அதில் ஊற்றுவது வடிபடாமல் நேரே பேரிங்குக்குப் போகும். புழுதி படிந்த மக்கில் ஊற்றினால் கேட்கவே வேண்டாம்.

கரியைப் பற்றி ஒரு வார்த்தை. டீசலில் ஆயில் மாற்றிய மறுநாளே கறுத்துவிட்டது, ஃபில்டர் சரியில்லை என்று வருகிறார்கள். கரியின் அடிப்படைத் துகள் ஒரு மைக்ரானில் நூறில் சில பங்குதான். அதைப் பிடிக்கிற அளவுக்கு மொத்த ஆயிலும் கடந்து போகும் எந்த முழுப்பாய்ச்சல் ஃபில்டரையும் செய்ய முடியாது, செய்தால் ஆயிலே போகாது. கரியைத் திரளவிடாமல் மிதக்கவைப்பது ஆயிலில் கலந்திருக்கும் டிஸ்பெர்சன்ட்டின் வேலை. கறுப்பாக இருக்கிறது என்றால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். சில பெரிய இன்ஜின்களில் தனியாக ஒரு சென்ட்ரிஃபியூஜ் வைத்திருப்பார்கள். ஸ்கேனியா லாரிகளில் பார்க்கலாம். ஆயிலில் ஒரு பங்கை மட்டும் பிரித்து வேகமாகச் சுழற்றி, கரியைச் சுவரில் கட்டியாகப் படியவைக்கும்.

இதே தத்துவம் உங்கள் வாசலில் நிற்கிற ஸ்பிளெண்டரிலும் இருக்கிறது. அதில் காகித ஃபில்டரே கிடையாது. ஒரு கம்பி வலை, கிராங்க் முனையில் சுழலும் ஒரு கிண்ணம், அவ்வளவுதான். கிண்ணத்தைத் திறந்தால் ஓரமெங்கும் கரும்பசை அப்பியிருக்கும். ஆயிலைச் சரியாக மாற்றி, ஏர் ஃபில்டரைப் பார்த்துக்கொண்டால் அந்த இன்ஜின் லட்சம் கிலோமீட்டரை அனாயாசமாகக் கடக்கிறது. ஆயில் ஃபில்டர்தான் இன்ஜினின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்று வாதாடுகிறவர்களிடம் நான் எப்போதும் அந்த வண்டியைத்தான் காட்டுவேன். கிண்ணத்தைத் துடைக்காமலே காலம் தள்ளுகிறவர்கள் பாவம், அவர்களுக்கு அது இருப்பதே தெரியாது.

விலை கூடிய ஃபில்டர் போட்டால் ஆயிலை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா என்று ரிக் மேனேஜர்கள் கேட்பார்கள். கூடாது. ஃபில்டர் பிடிப்பது துகளை மட்டும்தான். கலந்துவிட்ட டீசலையோ, தண்ணீரையோ, அமிலத்தையோ அது எடுக்காது. செலவழிந்த அடிட்டிவ்வைத் திருப்பித் தராது. நீட்டிப்பதென்றால் ஃபில்டரைத்தான் நீட்டிக்கலாம்: காகித ஃபில்டர் கொஞ்சம் ஓடிய பிறகு பெரிய துளைகள் அடைபட்டு இன்னும் நுணுக்கமாகவே பிடிக்கத் தொடங்கும். ஹோண்டா தன் கார்கள் சிலவற்றுக்கு இரண்டு ஆயிலுக்கு ஒரு ஃபில்டர் என்று பல காலம் சொல்லிவந்தது. தார் ரோட்டில் ஓடும் பெட்ரோல் காருக்கு அது பொருந்தும். கல் புழுதிக்குப் பக்கத்தில் நிற்கிற இன்ஜினுக்கு ஒவ்வொரு ஆயிலுக்கும் ஒரு ஃபில்டர், அதில் பேரம் கிடையாது.

பெரிய இன்ஜின் வைத்திருப்பவர்கள் ஆயில் மாற்றும்போது சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பலாம். ஹாஃப் இன்ஜின் வேலைச் செலவோடு பார்த்தால் அந்தக் கட்டணம் ஒன்றுமே இல்லை. இன்ஜின் சூடாக இருக்கும்போது, டிரெய்ன் நட்டைக் கழற்றி முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் ஓடும் ஆயிலைச் சுத்தமான பாட்டிலில் பிடிக்க வேண்டும். ரிப்போர்ட்டில் நான் முதலில் பார்ப்பது சிலிக்கன். சிலிக்கனும் அலுமினியமும் சேர்ந்து ஏறி, இரும்பும் குரோமியமும் பின்னாலேயே ஏறினால் அது புழுதி. ஓஸையும் ஏர் கிளீனரையும் தேடிப் போக வேண்டும். சிலிக்கன் மட்டும் தனியாக ஏறியிருந்தால், அண்மையில் சிலிக்கோன் பேஸ்ட் போட்டு சம்ப் மாட்டினார்களா என்று கேளுங்கள். காரீயமும் செம்பும் ஏறினால் பேரிங். சோடியமோ பொட்டாசியமோ தெரிந்தால் கூலன்ட் கலக்கிறது.

ஆனால் லேபை மட்டும் நம்பி ஃபில்டரை அறுக்காமல் விட முடியாது. அந்த ஸ்பெக்ட்ரோமீட்டர் ஐந்தாறு மைக்ரானுக்கு மேற்பட்ட துகளைச் சரியாகப் பார்ப்பதில்லை. பேரிங் பெயர்ந்து பெரிய தகடாக விழுந்தால் ரிப்போர்ட் நல்லபடியாகவே வரும், ஃபில்டர் மடிப்பில் தகடு கிடக்கும். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்காமல், ஒரே இன்ஜினின் தொடர்ச்சியான ரிப்போர்ட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பழைய கம்ப்ரசரோ லாரியோ வாங்கப் போகும்போது என்னைக் கூப்பிடுகிறவர்கள் சைலன்சர் புகையைத்தான் பார்க்கச் சொல்வார்கள். நான் அதைக் கடைசியாகப் பார்ப்பேன். முதலில் ஆயில் மூடியைத் திறந்து இன்ஜின் ஓடும்போது பேக் கம்ப்ரஷன் எப்படி என்று கையை வைத்துப் பார்ப்பது. பிறகு ஏர் கிளீனருக்குப் பின்னாலுள்ள ஓஸின் கிளிப்பைத் தளர்த்தி, உள்ளே வெள்ளைத் துணி. அதில் புழுதி ஒட்டிவிட்டால், விற்பவர் எத்தனை ஃபில்டர் பில் காட்டினாலும் ரிங், லைனர் செலவை விலையில் கழித்துத்தான் பேசச் சொல்வேன். துணி சுத்தமாக வந்தால் மாட்டியிருக்கும் ஆயில் ஃபில்டரைக் கழற்றி அறுக்க அனுமதி கேட்பேன். புது ஃபில்டர் நானே கையோடு கொண்டுபோயிருப்பேன்.